ஓட்ட அணியில் இடம் உண்டு, பணம் இல்லை என்கிறார்கள்: மகனைச் சேர்க்கலாமா?

கேள்வி: வட கரோலினாவின் கேரி நகரில் இருக்கிறோம். மகன் 11-ஆம் வகுப்பு. 1,600 மீட்டரை 4:23-லும், 3,200 மீட்டரை 9:28-லும் ஓடுகிறான். கிராஸ் கன்ட்ரியில் (புல்வெளி, மேடுபள்ளத்தில் ஓடும் ஓட்டம்) 5 கி.மீ. 15:50. படிப்பிலும் குறையில்லை. வெளிமாநில டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பல்கலைக்கழகம் ஒன்றின் கோச், "அணியில் இடம் தருகிறேன், ஸ்காலர்ஷிப் கிடையாது" என்கிறார். டிவிஷன் 3 (விளையாட்டு ஸ்காலர்ஷிப் தராத பிரிவு) தனியார் கல்லூரி ஒன்றும் கேட்கிறது. அங்கே மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை ஆண்டுக்கு 28,000 டாலர் வரை கிடைக்கலாமாம். அமெரிக்க ஃபுட்பால் வீரர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஓட்ட அணிகளை மூடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். நாலு வருஷம் அந்த அணி இருக்குமா? மகன் டிவிஷன் 1 என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

கோச்சின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி வெளிமாநிலக் கட்டணம் கட்டாதீர்கள். அணியையே மூடிவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது வேறொன்று: அணி இருக்கும், இரண்டாம் வருடம் தம்பிக்கு, அதாவது உங்கள் மகனுக்கு, அதில் இடம் இருக்காது. இந்த இரண்டு ஆபத்தையும் தனித்தனியாக எடை போட வேண்டும்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ. மீது வழக்குத் தொடுத்த நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸின் பெயரால் அதை ஹவுஸ் சமரசம் என்கிறார்கள். அந்த ஜூலை 1 முதல், அதில் சேர முடிவு செய்யும் டிவிஷன் 1 கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வருடா வருடம் அது கூடும். இது போக, முன்னாள் வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் நிலுவை கொடுத்துத் தீர்க்க வேண்டும். அதன் பெரும்பங்கை, கல்லூரிகளுக்கு வழக்கமாகப் பிரித்துத் தரும் தொகையிலிருந்தே என்.சி.ஏ.ஏ. பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஃபுட்பால் அணியே இல்லாத சிறிய டிவிஷன் 1 கல்லூரிக்கும் வரவு குறைகிறது.

பெரிய கல்லூரிகள் பல இந்தப் பணத்தைப் பிரிக்கும் விகிதம் ஏறக்குறைய இப்படி: ஃபுட்பாலுக்கு 75 விழுக்காடு, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 5. பந்தியில் ஓட்டக்காரருக்குக் கடைசி இலைதான். டிக்கெட் விற்பனையோ தொலைக்காட்சிப் பணமோ கொண்டுவராத விளையாட்டு என்பதால் இதில் வியப்பில்லை.

உங்கள் மகனை நேரடியாகத் தொடுவது இதே சமரசத்தின் இன்னொரு விதி. முன்பு டிவிஷன் 1-இல் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது: கிராஸ் கன்ட்ரியும் டிராக்கும் (தடகளமும்) சேர்த்து ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18. அந்தத் தொகையைப் பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேரும் வாக்-ஆன்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், ஆள் வரம்பு வந்துவிட்டது: கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், டிராக்குக்கு 45 பேர். எஸ்.இ.சி. கூட்டமைப்பு (தென்கிழக்கின் பெரிய கல்லூரிகள் தங்களுக்குள் போட்டியிடும் குழு) இன்னும் இறுக்கி, ஆண்கள் கிராஸ் கன்ட்ரிக்கு 10, டிராக்குக்கு 35 என்று வைத்தது. வரம்பு நீங்கியதால் 45 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாமே என்று தோன்றும். தரலாம், ஆனால் புதிதாகத் தரும் ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் டாலர் வரை மேலே சொன்ன உச்சவரம்புக்குள் கணக்கு வரும். அதாவது ஃபுட்பாலுக்கு வைத்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். யார் எடுக்க விடுவார்கள்?

இந்த 45-க்குள்தான் ஓட்டக்காரர், குண்டு எறிபவர், கோலூன்றித் தாண்டுபவர், தடை ஓட்டக்காரர் எல்லோரும் அடங்க வேண்டும். போட்டிக்கு வராமல் பயிற்சி மட்டும் செய்பவரும் கணக்கில் வருவார். கூட்டமைப்புப் போட்டியில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. எந்த இடத்தை யாருக்குக் கொடுத்தால் புள்ளி வரும் என்றே கோச் கணக்குப் போடுவார். பள்ளியில் 5 கி.மீ. ஓடிய பையன் கல்லூரியில் 8 கி.மீ., தகுதிப் போட்டியிலும் தேசியப் போட்டியிலும் 10 கி.மீ. ஓட வேண்டும். வாராந்தரப் பயிற்சித் தூரம் படிப்படியாக ஏறி, உடம்பு அதற்குப் பழகவே ஒன்றரை, இரண்டு வருடம் பிடிக்கும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூன்றாம், நான்காம் வருடத்தில் மலர்வது வாடிக்கை. பழைய முறை அந்தக் காத்திருப்பைத் தாங்கியது. ஆள் வரம்பு தாங்காது. கால் எலும்பில் ஒரு விரிசல் விழுந்து ஒரு பருவம் போனால், அடுத்த செப்டம்பரில் அந்த இடத்துக்கு மூத்த மாற்றல் வீரர் ஒருவர் வந்திருப்பார். 2024 ஏப்ரல் முதல் படிப்பில் தகுதி உள்ளவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஓடலாம் என்பதால், கோச்சுக்கு 18 வயதுப் பையனை வளர்க்க வேண்டிய கட்டாயமும் குறைந்துவிட்டது.

தம்பியின் நேரங்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 9:28 நல்ல நேரம். பெரிய கூட்டமைப்புகளில் கோச்சே தேடி வந்து பணம் தரும் நேரம் ஏறக்குறைய 9 நிமிடமும் அதற்குக் கீழும். உங்கள் ஊரை ஒட்டிய ராலேயில் என்.சி. ஸ்டேட் பெண்கள் அணி 2021, 2022, 2023 மூன்று வருடமும் கிராஸ் கன்ட்ரி தேசிய சாம்பியன். அந்த மட்டத்து அணிகளில் போட்டி எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தம்பிக்கு வந்திருப்பது நடுத்தர டிவிஷன் 1 அழைப்பு. அதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பல்கலைக்கழகம் சமரசத்தில் சேர்ந்ததா இல்லையா என்பது. சேராத கல்லூரிகளுக்கு ஆள் வரம்பு கிடையாது, பழைய 12.6 கணக்கே நீடிக்கிறது. அங்கே வாக்-ஆனுக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஆனால் இன்று சேராதவர்கள் அடுத்த வருடம் சேரலாம். ஆகவே, "அடுத்த வருடம் சேரும் எண்ணம் உண்டா?" என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஐவி லீக் எட்டும் சேர்வதில்லை என்று 2025 தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டன. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் எப்போதும் கிடையாது.

இனி அணி மூடப்படும் ஆபத்து. ஹவுஸ் சமரசத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் டெம்பிள் பல்கலைக்கழகம் ஆண்கள் டிராக்கை விட்டது. 2020-இல் மினசோட்டா ஆண்கள் உள்ளரங்க டிராக்கை நிறுத்தியது. அதே ஆண்டு மே மாதம் ஆண்கள் அணியை நிறுத்துவதாகச் சொன்ன பிரவுன், இரண்டு வாரத்துக்குள் பின்வாங்கியது. கறுப்பின மாணவர்கள் அதிகம் இருக்கும் அணியை நீக்குவதா என்ற எதிர்ப்பு அதற்கு முக்கியக் காரணம். கிளெம்சன் 2020 நவம்பரில் ஆண்கள் டிராக்கையும் கிராஸ் கன்ட்ரியையும் நிறுத்துவதாக அறிவித்து, வழக்கு மிரட்டலுக்குப் பின் 2021 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் வேறு வழி எடுத்தது: எறிதல், தாண்டுதல் போட்டிகளை நீக்கி, குறுந்தூர ஓட்டத்தைச் சுருக்கி, நெடுந்தூர ஓட்டத்தை மட்டும் மையமாக வைத்துக்கொண்டது.

இந்தக் கடைசி உதாரணத்தைக் கவனியுங்கள். கோலூன்றித் தாண்ட மெத்தையும் தனி கோச்சும் வேண்டும். சம்மட்டி எறியக் கூண்டும் தனி மைதானமும் வேண்டும். நெடுந்தூர ஓட்டத்துக்குக் காலணி, பேருந்து, ஒரு கோச் போதும். டிவிஷன் 1-இல் இருக்க வேண்டுமானால் குறைந்தது 14 விளையாட்டு நடத்த வேண்டும். பெரிய ஃபுட்பால் பிரிவுக்கு 16. கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்க டிராக், வெளியரங்க டிராக் மூன்றும் அந்தக் கணக்கில் மூன்று விளையாட்டு. ஏறக்குறைய அதே பிள்ளைகளை வைத்து மூன்றை நிரப்புகிற வசதி வேறு எதில் உண்டு? எனவே கல்லூரியின் வலைத்தளத்தில் உட்கார்ந்து எத்தனை விளையாட்டு நடத்துகிறார்கள் என்று எண்ணுங்கள். குறைந்தபட்ச எண்ணில் நிற்கும் கல்லூரி ஓட்டத்தில் கை வைக்காது. வைத்தால் வேறொன்றைப் புதிதாகத் தொடங்க வேண்டும். 22, 24 நடத்தும் கல்லூரிக்கு வெட்ட இடம் இருக்கிறது.

ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டின் நிலையும் ஒன்றல்ல. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-இன் டைட்டில் ஒன்பது சட்டப்படி, விளையாட்டு வாய்ப்பு ஆண்-பெண் மாணவர் விகிதத்தை ஒட்டி இருக்கிறதா என்பது ஒரு முக்கிய அளவுகோல். 105 பேர் கொண்ட ஃபுட்பால் அணியை மறுபக்கம் சமன் செய்ய வேண்டும். மூன்று பருவமும் ஓடும் ஒரு பெண் மூன்று வாய்ப்பாக எண்ணப்படுகிறாள். ஆகவே பெண்கள் ஓட்ட அணியை மூட எந்த நிர்வாகமும் தயங்கும். ஆண்கள் அணிக்கு அந்தக் கவசம் இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிராக் பெண்களுக்கு மட்டும். வாண்டர்பில்ட்டில் ஆண்களுக்குக் கிராஸ் கன்ட்ரி உண்டு, டிராக் கிடையாது. உங்களுக்கு மகள் என்றால் இந்தப் பதில் பாதியில் முடிந்திருக்கும்.

ஒரு குறிப்பிட்ட அணியின் உடல்நலத்தை வெளியிலிருந்தே ஓரளவு அறியலாம். கூட்டாட்சி மாணவர் நிதி வாங்கும் கல்லூரிகள் ஒவ்வொரு அணியின் ஆள் எண்ணிக்கை, போட்டிச் செலவு, வரவு, மொத்தச் செலவு ஆகியவற்றை ஆண்டுதோறும் அமெரிக்கக் கல்வித்துறைக்குத் தர வேண்டும். ஈ.ஏ.டி.ஏ. எனப்படும் அந்தத் தரவு யாரும் பார்க்கக்கூடியது. அதில் கிராஸ் கன்ட்ரியும் இரண்டு டிராக்கும் பெரும்பாலும் ஒரே வரியில் சேர்ந்திருக்கும். ஐந்து வருட எண்களை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். விலைவாசி ஏறியும் போட்டிச் செலவு அதே இடத்தில் நின்றால், பயணத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதன் பிறகு பழைய போட்டி அட்டவணைகளைத் திறந்து பாருங்கள்: விமானத்தில் போன போட்டிகள் பேருந்துத் தூரத்துக்குச் சுருங்கிவிட்டனவா? துணைக் கோச் போன இடம் ஒரு வருடமாகக் காலியா? தலைமைக் கோச் பெயருக்கு முன் "இடைக்கால" என்று இருக்கிறதா? ஓடுதளத்தின் செயற்கைப் பரப்பை எப்போது மாற்றினார்கள்? ஏறக்குறைய 10 வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும், செலவு பெரியது; அந்தச் செலவு நெருங்கும்போதுதான் "இது தேவையா?" என்ற பேச்சு எழும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் கோச்சின் ஒப்பந்தக் காலத்தைப் பொதுத் தகவல் சட்டப்படி கேட்டே வாங்கலாம். ஒரே வருடம் மீதி இருக்கும் கோச் நாலு வருடத்துக்கு வாக்குக் கொடுத்தால் அதற்கு என்ன மதிப்பு?

டிவிஷன் 3 அழைப்பைத் தம்பி இரண்டாம் தரமாகப் பார்ப்பது புரிகிறது. ஆனால் அங்கே பணக் கணக்கு தலைகீழ். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்பதால் அணியில் சேரும் ஒவ்வொரு பையனும் கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் மாணவன். ஒரு பேச்சுக்கு, உதவித்தொகை போக ஒருவர் 30,000 டாலர் கட்டுகிறார், அணியில் 35 பேர் என்று வையுங்கள்: வருடத்துக்கு 10.5 லட்சம் டாலர். கோச் சம்பளம், பயணம், சீருடை எல்லாம் சேர்த்தாலும் அதன் அருகில் வராது. மாணவர் சேர்க்கை குறைந்துவரும் காலத்தில் சிறிய தனியார் கல்லூரிகள் ஓட்ட அணியைச் சேர்க்கைக்கான வழியாகவே வைத்திருக்கின்றன. ஓட்டக்காரர் வரவாக இருக்கும் இடத்தில் அணி நிலைக்கிறது, செலவாக இருக்கும் இடத்தில் ஆட்டம் காண்கிறது. கோப்பைகளையும் தரவரிசையையும் விட இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். தரமும் குறைவில்லை: டிவிஷன் 3 ஆண்கள் கிராஸ் கன்ட்ரியில் போமோனா-பிட்சர் 2019, 2021, 2023-லும், எம்.ஐ.டி. 2022-லும் பட்டம் வென்றன. அந்த அணிகளில் ஏழு பேருக்குள் வர 9:28 போதாது, நன்றாக வளர வேண்டும்.

டிவிஷன் 3-இல் ஆபத்து வேறு: அணிக்கு ஒன்றும் ஆகாது, கல்லூரியே மூடிவிடலாம். தனியார் கல்லூரிகளுக்கு அமெரிக்கக் கல்வித்துறை நிதிப் பொறுப்பு மதிப்பெண் ஒன்று தருகிறது. மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். மொத்த மாணவர் எண்ணிக்கையையும் 10 வருடத்துக்குப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தால், எவ்வளவு இனிமையான கோச் ஆனாலும் வேண்டாம்.

விசா விஷயத்தில் மூன்று இடத்தில் கவனம். கிரீன் கார்டு இல்லாததால் கூட்டாட்சி மாணவர் உதவி தம்பிக்குக் கிடைக்காது. மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை பெரும்பாலும் குடியுரிமை பார்க்காமல் தருவது, ஆனால் அந்த 28,000-க்கு அப்படித்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். 21 வயதில், எச்-1பி பெற்றோரின் பிள்ளைகளுக்கான எச்-4 விசா முடிந்து, மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அது கல்லூரியின் மூன்றாம் வருடத்தை ஒட்டி வரும். வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பார்ப்பதாக இருந்தால், மாநிலத்தின் ரெசிடென்சி டிடர்மினேஷன் சர்வீஸில் உள்ளூர்க் கட்டணத் தகுதியை இப்போதே கேட்டு, விசா மாறினால் அது தொடருமா என்றும் தெளிவாக்குங்கள். கடைசியாக, வீரர்களுக்குத் தரும் வருவாய்ப் பங்கோ விளம்பரப் பணமோ எச்-4-இல் வேலைக்கான கூலியாகக் கருதப்படலாம். குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் இலவசக் காலணி ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போட வேண்டாம். ஸ்காலர்ஷிப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டிவிஷன் 1 கோச்சிடம் கேட்க வேண்டியவை இவை. கல்லூரி சமரசத்தில் இருக்கிறதா, கூட்டமைப்புக்குத் தனி வரம்பு உண்டா? என் இடம் கிராஸ் கன்ட்ரியில் மட்டுமா, டிராக்கிலுமா? நெடுந்தூரத்துக்கு 45-இல் எத்தனை இடம் ஒதுக்குகிறீர்கள், நான் வரும் வருடம் எத்தனை பேர் முடித்துப் போகிறார்கள்? இலையுதிர் காலத்து முதல் போட்டிக்கு முன் ஆட்களைக் கழிப்பீர்களா? இது மிக முக்கியம். ஆள் வரம்பை முதல் போட்டி நாளுக்குள் காட்ட வேண்டும் என்பதால், ஆகஸ்டில் 22 பேரை வரவழைத்து ஐந்து பேரைத் திருப்பி அனுப்பும் அணிகள் இருக்கலாம். அதற்குள் கல்லூரிக் கட்டணம் கட்டி முடித்திருப்பீர்கள். இரண்டாம் வருடம் இடத்தைத் தக்கவைக்க என்ன நேரம் ஓட வேண்டும்? காயம் பட்டால் இடம் நிற்குமா? கூட்டமைப்புப் போட்டிக்கு எத்தனை பேரை அழைத்துப் போகிறீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

எழுத்தில் கேளுங்கள் என்று சொல்கிறேன், ஆனால் ஒரு கல்லூரி அணியில் சேர்வதாக மாணவர் கையெழுத்திடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரிலேயே ஒழிந்தது. இப்போது பிணைப்பது நிதி உதவி ஒப்பந்தம் மட்டும். ஸ்காலர்ஷிப்பே இல்லாதவருக்குக் கையில் இருப்பது கோச்சின் மின்னஞ்சல்தான். சட்டப் பலம் இல்லாவிட்டாலும் அதையாவது வாங்கி வையுங்கள்.

உங்கள் நிலையில் என் வரிசை இது. அணி இல்லாவிட்டாலும் தம்பி நாலு வருடம் விரும்பிப் படிப்பானா என்பதை வைத்து இரண்டு கல்லூரியையும் முதலில் வடிகட்டுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் தன் வலைத்தளத்தில் வைத்திருக்கும் நிகரக் கட்டணக் கணிப்பானில் உங்கள் எண்களைப் போட்டு, நாலு வருட மொத்தத்தை எழுதுங்கள். வெளிமாநில டிவிஷன் 1-க்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் கூடுதலாகக் கட்டுவது நாலு வருடத்தில் 40,000 டாலரைத் தாண்டினால், வெறும் இடத்துக்காக அதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. டிவிஷன் 3 கல்லூரி நிதியில் உறுதியாக இருந்தால் அதுவே தம்பியின் ஓட்டத்துக்கும் நல்ல இடம். மூன்றாவதாக, உள்ளூர்ப் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு மாணவர் ஓட்டக் கிளப்பில் சேர்வது. கல்லூரி கிளப்புகளுக்கு என்.ஐ.ஆர்.சி.ஏ. என்ற தனிச் சங்கமும் தேசியப் போட்டியும் உண்டு. சந்தா சொற்பம், யாரும் கழித்துவிட மாட்டார்கள்.

காலக்கெடுவைப் பாருங்கள். இந்த வசந்தகால டிராக் பருவ நேரங்கள்தான் கோச்சுகள் பார்க்கும் கடைசிப் பெரிய சான்று. 11-ஆம் வகுப்பு முடிந்த ஜூலையில் டிவிஷன் 3 கோச்சிடம் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்து, சேர்க்கை அலுவலகத்தின் முன்மதிப்பீட்டைக் கேட்கலாம். 12-ஆம் வகுப்பின் ஆகஸ்ட் 1-க்குப் பிறகு டிவிஷன் 1 கல்லூரி உதவித்தொகையை எழுத்தில் சொல்லலாம். முன்கூட்டிய சேர்க்கை விண்ணப்பம் பல கல்லூரிகளில் நவம்பர் 1. கோச்சுக்குப் போகும் மின்னஞ்சல் எல்லாம் தம்பியே எழுதியதாக, அவன் பெயரில் போகட்டும். பெற்றோர் எழுதும் மின்னஞ்சலைக் கோச்சுகள் விரும்புவதில்லை. கட்டணம், விசா பற்றிய கேள்விகளை மட்டும் நீங்கள் நிதி உதவி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.